நூறு ஓவியம், ஒரு லட்சம் பொற்காசு

1745 செப்டம்பர் 17 அன்று, இத்தாலியின் மொடேனா நாட்டுக் கோமகன் மூன்றாம் பிரான்செஸ்கோ தன் குடும்பம் தலைமுறைகளாகச் சேர்த்திருந்த ஓவியங்களில் மிகச் சிறந்த 100ஐ ஒரே ஒப்பந்தத்தில் விற்றார். விலை 1,00,000 செக்கினோ. செக்கினோ என்பது வெனிஸ் நகரத்துப் பொற்காசு. ஒரு காசின் எடை 3.49 கிராம், ஏறத்தாழ முழுத் தூய தங்கம். எனவே ஒப்பந்த விலை 349 கிலோகிராம் தங்கம். 8 கிராமை ஒரு பவுனாக வைத்தால் 43,625 பவுன். சராசரியாக ஓர் ஓவியத்துக்கு 1,000 செக்கினோ, அதாவது 436 பவுன்.

வாங்கியவர் ஜெர்மானிய நாடுகளுள் ஒன்றான சாக்சனியின் ஆட்சியாளரும் போலந்தின் மன்னருமான மூன்றாம் அகஸ்டஸ். பேரத்தை நடத்தி, பணத்துக்கு வழிசெய்து, சரக்கைத் தலைநகர் டிரெஸ்டனுக்குக் கொண்டுவந்து சேர்த்த அரசவை அதிகாரி கவுண்ட் ஹைன்ரிஷ் ஃபான் புரூல். கொரெஜியோவின் 4 பலிபீட ஓவியங்களும், வெரோனேசேயின் 4 பெரிய ஓவியங்களும், டிஷியனின் ‘வரிப்பணம்’ ஓவியமும் அந்த நூறில் அடக்கம். டிரெஸ்டன் ஓவியக்கூடம் ஐரோப்பாவின் முதல் வரிசைக்கு வந்தது இந்த ஒரே கொள்முதலால்தான் என்று சொன்னால் அது மிகையில்லை.

அந்தக் கொள்முதலுக்கு வேறொரு பெயரும் உண்டு. புரூல் படங்களுக்கும் பீங்கானுக்கும் பணத்தை இறைத்தார், படையைப் பட்டினி போட்டார், அதனால் சாக்சனி பிரஷ்யாவின் காலடியில் வீழ்ந்தது என்ற குற்றச்சாட்டு அவர் காலத்திலேயே எழுந்து இன்றுவரை திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. அதைத் தொடங்கிவைத்தவர்களில் முக்கியமானவர் அவருடைய எதிரியான பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக். எதிரி எழுதிய வரலாறு என்பதற்காக மட்டும் அதைத் தள்ளிவிடவும் கூடாது, ஒப்புக்கொள்ளவும் கூடாது. கூட்டிக் கழித்துப் பார்க்கப் போதுமான எண்கள் நம்மிடம் இருக்கின்றன.

புரூல் பிறந்தது 1700 ஆகஸ்டு 13. தந்தை சாக்சனியின் கிளை அரசுகளில் ஒன்றான வைசன்ஃபெல்ஸ் அரசவையில் அதிகாரி. பெயருக்குப் பிரபுக் குடும்பம், ஆனால் பெரிய சொத்து எதுவும் கிடையாது. இருபது வயதை ஒட்டி டிரெஸ்டன் அரண்மனையில் ஏவலாளாகச் சேர்ந்தார். 1731இல் வரி வசூல் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. 1733 பிப்ரவரி 1 அன்று வார்சாவில் மன்னர் இரண்டாம் அகஸ்டஸ் இறந்தபோது போலந்தின் அரச நகைகளை டிரெஸ்டனுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் இவர். அதே ஆண்டு மைசன் பீங்கான் ஆலையும் இவர் பொறுப்புக்கு வந்தது. 1738இல் போட்டியாளரான சுல்கோவ்ஸ்கி பதவி இழந்தார். 1746 டிசம்பரில் புரூல் முதலமைச்சர். ஏவலாளாக நுழைந்ததிலிருந்து முதலமைச்சர் ஆனதுவரை ஏறத்தாழ 26 ஆண்டு. அதன்பின் மேலும் 17 ஆண்டு அவருக்கு மேல் மன்னரைத் தவிர யாருமில்லை.

இந்தப் பதவி வரிசையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வரி வசூலிப்பவர், செலவுக்கு ஒப்புதல் தருபவர், ஓவியம் வாங்குபவர் மூவரும் ஒரே ஆள். 1740களின் டிரெஸ்டனில் ஒரு கொள்முதலைத் தடுத்து நிறுத்தக்கூடிய இரண்டாவது கையெழுத்து இல்லை. வேகமாக வாங்க முடிந்ததற்கும் பிற்பாடு குற்றச்சாட்டு எழுந்ததற்கும் காரணம் இது ஒன்றே.

வேகத்தைப் பாருங்கள். 1741இல் போஹீமியாவின் டுக்ஸ் கோட்டையில் இருந்த வாலன்ஸ்டைன் குடும்பத் தொகுப்பிலிருந்து 268 ஓவியங்கள். 1745இல் மொடேனாவின் 100. 1749இல் பிராக் நகரில் இருந்த பேரரசுத் தொகுப்பிலிருந்து 69. இந்த மூன்று மொத்தக் கொள்முதல்களின் கூட்டுத்தொகை மட்டும் 437. காலம் 9 ஆண்டு. ஆண்டுக்குச் சராசரி 49, அதாவது ஏறத்தாழ வாரம் ஒன்று. வெனிஸ், பாரிஸ், போலோன்யா என்று முகவர்கள் ஒன்றிரண்டாக வாங்கி அனுப்பியவை இதில் சேராது. படங்களை வைக்க இடம் போதாமல், 1745இல் தொடங்கி இரண்டே ஆண்டில் அரண்மனைக் குதிரை லாயக் கட்டடத்தின் மேல்தளத்தை ஓவியக்கூடமாக மாற்றினார்கள்.

தனிக் கொள்முதலுக்கு ஓர் எடுத்துக்காட்டு. மொடேனா ஒப்பந்தத்துக்கு 7 மாதம் முன்பு, 1745 பிப்ரவரி 3 அன்று, வெனிஸில் இருந்த முகவர் அல்கரோட்டி சுவிஸ் ஓவியர் லியோதாரிடம் நேரடியாக ஒரு படம் வாங்கினார். தோல்தாளில் வண்ணக்கட்டியால் வரைந்தது. உயரம் 82.5 செ.மீ., அகலம் 52.5 செ.மீ. ஒரு பணிப்பெண் பக்கவாட்டில் நின்று தட்டை ஏந்தி வருகிறாள். தட்டில் ஒரு கோப்பை சாக்லேட் பானம், பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீர். வெள்ளை ஏப்ரனில் மடித்து வைத்த துணியின் மடிப்புக் கோடுகள் அப்படியே தெரிகின்றன. தண்ணீர்க் குவளையில் சன்னல் வெளிச்சம் விழுந்திருக்கிறது. அந்தக் கோப்பை மைசன் பீங்கான் என்பது பொதுவான கருத்து. விலை 120 செக்கினோ, 52 பவுன். மொடேனாச் சராசரியில் இது 12 சதவீதம். டிரெஸ்டனுக்கு வருகிறவர்கள் இன்று தேடிப் பார்க்கும் படங்களில் ஒன்று, சராசரி விலையின் எட்டில் ஒரு பங்குக்கு வந்தது.

விலைக்கும் மதிப்புக்கும் உள்ள தூரம் இதைவிடப் பெரிதாகத் தெரிவது 1742இல் பாரிஸிலிருந்து வந்த ஒரு படத்தில். சன்னலருகே நின்று கடிதம் படிக்கும் பெண். பட்டியலில் அது ரெம்பிராண்டின் பெயரில் ஏறியது. அது வெர்மீரின் கைவண்ணம் என்று உறுதியாகச் சொல்லப்பட 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி கடக்க வேண்டியிருந்தது. வெர்மீர் வரைந்ததாக இன்று ஒப்புக்கொள்ளப்படும் படங்கள் உலகம் முழுவதும் 40ஐ எட்டாது. அவற்றுள் 2 டிரெஸ்டனில் இருக்கின்றன. மற்றொன்று 1741இன் வாலன்ஸ்டைன் தொகுதியோடு வந்தது. வாங்கியவர்களுக்கு இரண்டின் அருமையும் தெரிந்திருக்க நியாயமில்லை.

மிகப் பெரிய தனி விலை 1754இல். பியாசென்சா நகரின் சான் சிஸ்டோ மடத்துத் துறவிகளிடமிருந்து ராஃபேலின் ‘சிஸ்டைன் மடோனா’ 25,000 ரோமானிய ஸ்கூடோவுக்கு வாங்கப்பட்டது. ஒரு செக்கினோவுக்கு ஏறத்தாழ 2.05 ஸ்கூடோ என்ற அன்றைய மாற்று விகிதத்தில் அது 12,200 செக்கினோ, 5,300 பவுனுக்குச் சற்று மேல். மொடேனாவில் ஓர் ஓவியத்துக்குக் கொடுத்த சராசரியைப்போல் 12 மடங்கு. 265 செ.மீ. உயரம், 196 செ.மீ. அகலம் உள்ள ஒற்றைத் துணிக்கு மொடேனாவின் மொத்த விலையில் எட்டில் ஒரு பங்கு போயிற்று. ஒரே ஓவியத்துக்கு அதுவரை கொடுக்கப்பட்ட மிக உயர்ந்த விலைகளில் இதுவும் ஒன்று.

கணக்கேட்டின் இந்தப் பக்கம் இதுவரை. இனிப் போரின் பக்கம்.

மொடேனா ஒப்பந்தம் கையெழுத்தாகி 89ஆம் நாள், 1745 டிசம்பர் 15 அன்று, டிரெஸ்டனுக்கு மேற்கே கெசல்ஸ்டார்ஃப் ஊரில் சாக்சனியப் படை பிரஷ்யாவிடம் தோற்றது. களத்தில் நின்ற சாக்சனியர் சுமார் 31,000. எதிரே பிரஷ்யர் சுமார் 32,000. எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை. சாக்சனியத் தரப்பில் இறந்தோரும் காயமுற்றோரும் ஏறத்தாழ 3,800, சிறைப்பட்டோர் 6,700. இரண்டும் சேர்ந்து படையில் மூன்றில் ஒரு பங்கு. 10 நாள் கழித்துக் கிறிஸ்துமஸ் அன்று டிரெஸ்டன் உடன்படிக்கை. சாக்சனி பிரஷ்யாவுக்குச் செலுத்த ஒப்புக்கொண்ட தண்டத் தொகை 10,00,000 தாலர்.

தாலர் என்பது சாக்சனியின் வெள்ளிக் கணக்கு. 24 குரோஷன் ஒரு தாலர். ஒரு செக்கினோவை ஏறத்தாழ 2¾ தாலராக வைத்தால் மொடேனா விலை 2,75,000 தாலர். தண்டத் தொகையில் இது 27.5 சதவீதம். அதாவது, ஐரோப்பாவே வியந்த ஓவியக் கொள்முதலைப்போல் மூன்றரை மடங்குக்கும் அதிகமான தொகை ஒரே தோல்வியின் அபராதமாகப் போனது. 1750களில் சாக்சனியின் மக்கள்தொகை சுமார் 17 லட்சம். தலைக்கு வகுத்தால் மொடேனாவுக்கு 3.9 குரோஷன், தண்டத்துக்கு 14.1 குரோஷன்.

குற்றச்சாட்டின் உயிர்நாடி படைதான். அதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். பிரஷ்யக் காலாட்படை வீரனின் சம்பளம் 5 நாளுக்கு 8 குரோஷன். மாதம் 2 தாலர், ஆண்டுக்கு 24 தாலர். சாக்சனியிலும் அதே விகிதம் என்று வைத்துக்கொண்டால், மொடேனாவின் 2,75,000 தாலர் ஓர் ஆண்டுக்கு 11,458 வீரர்களுக்குச் சம்பளம். இந்த ஒற்றை எண்ணைப் பார்த்தால் குற்றச்சாட்டு நிரூபணமானது போலத் தோன்றும். ஆனால் படம் வாங்குவது ஒரு முறைச் செலவு, படை ஆண்டுதோறும் வரும் செலவு. ஒப்பந்தம் நடந்த 1745க்கும் அடுத்த படையெடுப்பு வந்த 1756க்கும் இடையே 11 ஆண்டு. அதே தொகையை 11 ஆண்டுக்குப் பிரித்தால் கூடுதலாக வைத்திருக்க முடிந்தவர்கள் 1,041 பேர். சீருடை, ரொட்டி, துப்பாக்கி, குதிரை இவற்றையும் சேர்த்தால் இந்த எண் பாதியாகக்கூடக் குறையலாம்.

1756 ஆகஸ்டு 29 அன்று ஃபிரெடரிக் போர் அறிவிக்காமலே எல்லையைத் தாண்டினார். அவருடன் வந்த படை ஏறத்தாழ 70,000. பிர்னா நகரருகே எல்பே ஆற்றங்கரைப் பாறைகளுக்கிடையே ஒதுங்கிய சாக்சனியப் படை சுமார் 18,000. கெசல்ஸ்டார்ஃப் களத்து எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் 42 சதவீதம் குறைவு. விகிதம் 1க்கு 3.9. 48 நாள் தாக்குப்பிடித்து, உணவு தீர்ந்து, அக்டோபர் 16இல் சரணடைந்தது. அந்த 1,041 பேரையும் சேர்த்திருந்தால் 19,041. விகிதம் 1க்கு 3.7. பசித்த வயிறுகளில் 1,041 கூடியிருக்கும், அவ்வளவுதான்.

கணக்கை எதிர்த்தரப்புக்கு இன்னும் சாதகமாக்கிப் பார்க்கலாம். மூன்றாம் அகஸ்டஸின் 30 ஆண்டு ஆட்சியில் கலைக்கான மொத்தச் செலவு மொடேனாவைப்போல் 5 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். இது வாதத்துக்காக நான் எடுத்துக்கொள்ளும் உச்சவரம்பு மட்டுமே. 13,75,000 தாலர், ஆண்டுக்கு 45,833. சம்பளக் கணக்கில் 1,910 வீரர்கள். 18,000 என்பது 19,910 ஆகியிருக்கும். 70,000ஐ நிறுத்த அதுவும் போதாது. படை சுருங்கியதற்குக் காரணம் ஓவியம் என்ற வாதத்தை இந்த எண்கள் தாங்கவில்லை.

புரூலை இந்தக் கணக்கு முழுதும் விடுவிக்கிறது என்று நான் சொல்லவில்லை. 18,000 பேரை மட்டும் வைத்துக்கொண்டு, 70,000 பேரோடு படையெடுத்து வரக்கூடிய அண்டை நாட்டைச் சீண்டியது அரசியல் தவறு. அதற்கு அவரே பொறுப்பு. அவர் சொந்த வீட்டுச் செலவும் வேறு விஷயம்.

வீட்டுச் செலவுக்கு ஒரு சான்று போதும். 1737இல் தொடங்கி 1742க்குள் மைசன் ஆலையில் தலைமைச் சிற்பி கெண்ட்லர் தலைமையில் புரூலுக்காக ஓர் உணவுப் பாத்திரத் தொகுதி உருவானது. தட்டு ஒவ்வொன்றின் மேற்பரப்பிலும் நீரலை, நாணல், இரண்டு அன்னங்கள், பின்னால் ஒரு நாரை. வண்ணம் பூசாமல் வெள்ளைக்குள் வெள்ளையாக, ஒளி சாய்வாக விழும்போது மட்டும் தெரியும் அளவுக்கு மெல்லிய புடைப்பு. அதனால் ‘அன்னத் தொகுதி’ என்று பெயர். 100 பேர் உண்பதற்கு 2,200க்கும் மேற்பட்ட உருப்படிகள், ஆளுக்கு 22. ஆலையின் பொறுப்பாளர் புரூல், வாடிக்கையாளரும் புரூல். விலை கொடுக்காமல் எடுத்துக்கொள்ள மன்னரின் அனுமதியும் அவருக்கு இருந்தது. அரசு ஆலை ஒன்றின் 5 ஆண்டுத் திறன்மிக்க உழைப்பு ஓர் அமைச்சரின் சாப்பாட்டு மேசைக்குப் போனது. ஓவியக்கூடத்தின் செலவைவிட இதுதான் எனக்கு உறுத்துகிறது. மொடேனாவின் நூறும் நாட்டின் சொத்தாயின. அன்னத் தொகுதி ஒரு குடும்பத்தின் சொத்தாகவே இருந்து, 1945இல் போர் முடிந்தபோது அக்குடும்பத்தின் ஃபோர்டன் மாளிகையில் சூறையாடப்பட்டு, பெரும்பகுதி உடைந்தும் சிதறியும் போயிற்று.

பீங்கானுக்குப் படைவீரர்களை விலையாகக் கொடுத்தது நடந்ததுண்டு. ஆனால் அது புரூல் அரண்மனைக்கு வரும் முன்பே. 1717இல் இரண்டாம் அகஸ்டஸ் பிரஷ்ய மன்னருக்கு 600 குதிரைப்படை வீரர்களைக் கொடுத்து 151 சீனப் பீங்கான் பாத்திரங்களை வாங்கினார். பாத்திரம் ஒன்றுக்கு 4 பேர். டிரெஸ்டனின் பழக்கம் அது. புரூல் அதைத் தொடங்கிவைத்தவர் அல்ல.

ஓவியர்களுக்கு என்ன கிடைத்தது என்பதே இந்தக் கணக்கேட்டின் முக்கியமான பக்கம் என்று நினைக்கிறேன். வெனிஸ் ஓவியர் பெர்னார்டோ பெல்லோட்டோ 1747இல் டிரெஸ்டன் வந்தார். மறு ஆண்டு அவருக்கு நிர்ணயித்த சம்பளம் ஆண்டுக்கு 1,750 தாலர். டிரெஸ்டன் அரசவை ஓர் ஓவியருக்கு அதுவரை கொடுத்தவற்றில் இதுவே உச்சம், காலாட்படை வீரனின் சம்பளத்தைப்போல் 73 மடங்கு. இன்னோர் ஒப்பீடும் செய்யலாம். கலை வரலாற்றை ஒரு துறையாக்கிய விங்கெல்மன் 1755இல் ரோமுக்குப் புறப்பட்டபோது சாக்சனிய அரசவை அவருக்குக் கொடுத்த உதவித்தொகை ஆண்டுக்கு 200 தாலர்.

மன்னருக்காக பெல்லோட்டோ வரைந்த நகரக் காட்சிகள்: டிரெஸ்டன் 14, பிர்னா 11, கோனிக்ஸ்டைன் கோட்டை 5. மொத்தம் 30. பலவும் 133 செ.மீ. உயரம், 237 செ.மீ. அகலம் வரும் பெரிய துணிகள். 1748இல் எல்பேயின் வலக்கரையிலிருந்து வரைந்ததில் பாலத்தின் வளைவுகள் தண்ணீரில் விழுகின்றன. கட்டி முடியாத அரசவைத் தேவாலயத்தின் கோபுரத்தைச் சாரம் சூழ்ந்திருக்கிறது. முன்கரையில் ஓவியரே அமர்ந்து வரைந்துகொண்டிருக்கிறார். 1748 முதல் போர் தொடங்கிய 1756 வரை 8 ஆண்டுச் சம்பளமும் முழுதாகக் கிடைத்தது என்று வைத்தால் 14,000 தாலர். ஓவியம் ஒன்றுக்கு 467 தாலர்.

புரூலும் அதே காட்சிகளைத் தன் மாளிகைக்குக் கேட்டார். பெல்லோட்டோ அவருக்கென மறுபடி வரைந்து கொடுத்தவை 21. ஒன்றுக்கு 200 தாலர், அதாவது விங்கெல்மனின் ஓராண்டு உதவித்தொகை. மொத்தம் 4,200 தாலர். இந்தத் தொகையை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

போர் 7 ஆண்டு நீண்டது. மன்னரும் புரூலும் வார்சாவுக்குப் போய்விட்டனர். ஃபிரெடரிக் புரூலின் சொத்துகளைக் குறிவைத்தே தாக்கினார்: ஃபோர்டன் மாளிகை 1758இல் எரிந்தது, எல்பேக் கரையில் புரூலின் மேடைத் தோட்டத்திலிருந்த கோடை மண்டபம் 1759இல் தகர்ந்தது. 1760 ஜூலையில் பிரஷ்யப் பீரங்கிகள் டிரெஸ்டனைச் சுட்டன. நகரின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அழிந்தது. பெல்லோட்டோவின் வீடும் அதில் போயிற்று. குண்டுவீச்சில் சிதைந்த புனிதச் சிலுவைத் தேவாலயத்தின் கோபுரம் 1765இல் இடிந்து விழுந்தபோது அதையும் அவர் வரைந்தார். செங்குத்தாகப் பிளந்த கோபுரத்தின் ஒரு பக்கச் சுவர் மட்டும் நிற்க, கீழே கற்குவியலின் மேல் ஆட்கள் வேலை செய்கிறார்கள். 18 ஆண்டு முன்பு அவர் வரைந்த நகரம்தான் அது.

1763 பிப்ரவரி 15இல் சமாதானம். அக்டோபர் 5இல் மன்னர் இறந்தார். 23 நாள் கழித்து, அக்டோபர் 28இல், 63 வயதில் புரூலும் இறந்தார். புதிய ஆட்சி அவர் சொத்துகளை முடக்கி விசாரணை வைத்தது. செல்வத்தின் பெரும்பகுதி மன்னரின் தாராளத்தால் வந்தது, திருட்டால் அல்ல என்பதே விசாரணையின் போக்கு. அவருடைய செயலரும் அரசவை அச்சோவியத் தொகுப்பின் இயக்குநருமான கார்ல் ஹைன்ரிஷ் ஃபான் ஹைனகன் கைதானார், பின்னர் விடுவிக்கப்பட்டார். 1746 முதல் 17 ஆண்டு இயக்குநர் பதவியில் இருந்தவர் அவர். டிரெஸ்டன் ஓவியங்களைச் செப்புத்தகட்டில் செதுக்கி 1753இலும் 1757இலும் தலா சுமார் 50 அச்சுகளாக இரு பெருந்தொகுதிகள் வெளியிட்டவர். அந்த அச்சுகள் போன இடமெல்லாம் டிரெஸ்டன் தொகுப்பின் பெயரும் போனது.

இனி விற்பனை. 1768இல் புரூலின் நூலகத்தை அரசு நூலகமே வாங்கிக்கொண்டது: 62,000 தொகுதி, 50,000 தாலர். தொகுதி ஒன்றுக்கு 0.81 தாலர், 19 குரோஷனுக்குச் சற்று மேல். 4 ஆண்டு முன்பு கவுண்ட் பியூனாவின் நூலகம் 42,000 தொகுதி 40,000 தாலருக்குப் போயிருந்தது. தொகுதி ஒன்றுக்கு 0.95 தாலர். விங்கெல்மன் ரோமுக்குப் போகும் முன் பணியாற்றிய நூலகம் அது. புரூலின் நூல்கள் 15 சதவீதம் மலிவாகப் போயின. இரண்டும் சேர்ந்து 1,04,000 தொகுதி, 90,000 தாலர். மொடேனா விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான தொகைக்கு டிரெஸ்டன் ஜெர்மன் நிலத்தின் பெரிய நூலகங்களுள் ஒன்றைப் பெற்றது. போரில் திவாலான அரசு செய்த இந்தக் கொள்முதலைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

ஓவியங்களை வைத்துக்கொள்ள முடியவில்லை. 1769இல் ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் புரூலின் சொந்தத் தொகுப்பை 1,80,000 டச்சு கில்டருக்கு வாங்கினார். ஏறத்தாழ 600 ஓவியங்கள், அவற்றோடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோட்டோவியங்கள். ரூபன்ஸின் ‘பெர்சியஸும் ஆண்ட்ரோமெடாவும்’, ரெம்பிராண்டின் ‘அறிஞர்’ படம் இரண்டும் அதில் சேர்த்தி. கில்டரில் தூய வெள்ளி ஏறத்தாழ 9.6 கிராம், போருக்குப் பிந்தைய சாக்சனியத் தாலரில் 17.54 கிராம். அந்த விகிதத்தில் விலை சுமார் 98,500 தாலர். கோட்டோவியங்களுக்கு எதுவும் ஒதுக்காமல் வகுத்தாலும் ஓவியம் ஒன்றுக்கு 164 தாலர். பெல்லோட்டோ ஒரு நகலுக்குக் கேட்ட விலையைவிட 36 தாலர் குறைவு.

வென்றவரின் நிலையும் மேலாக இல்லை. ஃபிரெடரிக்குக்காக பெர்லின் வணிகர் கோட்ஸ்கோவ்ஸ்கி சேர்த்து வைத்த ஓவியங்களுக்குப் போரின் பிறகு பிரஷ்யக் கருவூலத்தால் பணம் கொடுக்க இயலவில்லை. 1764இல் அவையும் கேத்தரினிடம் போயின. எண்ணிக்கை 225 என்பது வழக்கம், சிலர் 317 என்பர். குறைந்த எண்ணை எடுத்தாலும், போரிட்ட இரு நாடுகளிலிருந்தும் 5 ஆண்டுக்குள் ஏறத்தாழ 825 ஓவியங்கள் பீட்டர்ஸ்பர்க் சேர்ந்தன. ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தின் அடித்தளம் அவை.

பெல்லோட்டோவின் 4,200 தாலர் எஞ்சி நிற்கிறது. புரூல் உயிரோடு இருந்தவரை அதைக் கொடுக்கவில்லை. இறந்தபின் பெல்லோட்டோ வாரிசுகளிடம் கேட்டார், அவர்கள் மறுத்தனர். 1764இல் புதிய கலைக்கழகத்தில் அவருக்குக் கிடைத்த வேலையின் சம்பளம் ஆண்டுக்கு 600 தாலர். பழைய 1,750இலிருந்து 66 சதவீதச் சரிவு. பழைய சம்பளத்தில் அந்தக் கடன் 2.4 ஆண்டு வருமானம், புதிய சம்பளத்தில் 7 ஆண்டு வருமானம். 1766இன் இறுதியில் அவர் டிரெஸ்டனைவிட்டுப் புறப்பட்டார். 1768இல் வார்சாவில் போலந்தின் புதிய மன்னருடைய அரசவை ஓவியரானார். மறு ஆண்டு, அவர் புரூலுக்கு வரைந்து கொடுத்த நகரக் காட்சிகளில் பல, அந்த 600இன் பகுதியாக ரஷ்யாவுக்கு விற்கப்பட்டன. அவ்விற்பனைத் தொகையில் 4.3 சதவீதம் ஒதுக்கியிருந்தால் அவருடைய கடன் முழுவதும் தீர்ந்திருக்கும்.